அரண்மனைத் தூணில் நான் போட்ட கோடு

எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்த சமயம் அது. எனக்கு ராயபுரம். ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஹார்பரில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிய மூட்டையில் சாக்பீஸால் கோடு போட்டால்தான் மனசு அடங்கும்.

திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்து ஆண்ட பத்மநாபபுரம் அரண்மனைக்கு வேனில் சுற்றுலா போனோம். நவராத்திரி மண்டபத்தின் கல்தூண்களைப் பார்த்ததும் என்னையறியாமல் எண்ணத் தொடங்கிவிட்டேன். மனைவி கத்திய பிறகுதான் கையில் சாக்பீஸ் இருப்பதே தெரிந்தது.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? ராஜா வூட்டுத் தூணு, இன்னா அரிசி மூட்டையா?"

நாலு தூணில் வெள்ளைக் கோடு. அதற்குள் காவலாளி வந்துவிட்டார். போலீஸ், ஜெயில், வேலை போவது எல்லாம் கண்முன் வந்தன.

"தெரியாம பண்ட்டேன் சார். ஹார்பர் பழக்கம்" என்று கைகூப்பினேன்.

அவர் தோள் துண்டால் துடைத்தார். கோடு சுவடில்லாமல் போனது.

"சாக்பீஸ்தானே, கல்லுக்கு ஒண்ணும் ஆகல்ல. பேரு செதுக்குறவனத்தான் விடமாட்டேன். எத்தன வந்துது?"

"பயத்துல மறந்துட்டேன் சார்."

"அப்போ மொதல்லேருந்து எண்ணும். வெரலு போதும்."

போன மூச்சு திரும்பி வந்தது. அரண்மனை என்றால் நம்மைப் போன்றவர்கள் ஒதுங்கி நின்று பார்க்கிற இடம் என்றே நினைத்திருந்தேன். அன்று ஒவ்வொரு தூணையும் தொட்டு எண்ணினேன்.