மாடத்தி முத்திரை குத்தாத கல்

உங்கள் தாயை அடித்துக் கொன்றுவிட்டு, "அவள் தெய்வமாகிவிட்டாள், வருடா வருடம் பொங்கல் வையுங்கள்" என்று சொன்னால் நீங்கள் கும்பிடுவீர்களா? மாடத்தி இருபத்தெட்டு வருடம் கும்பிட்டாள்.

அவளுக்கு இப்போது முப்பத்தேழு வயது. ஒரகடத்தில் காருக்கு ரப்பர் குழாய் செய்யும் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. ஒவ்வொரு குழாயையும் விளக்கடியில் திருப்பிப் பார்ப்பாள். கீறலோ குமிழியோ இருந்தால் சிவப்புக் கூடை. இல்லையென்றால் பதினேழு என்ற தன் எண் முத்திரையைக் குத்துவாள். குழாய் எந்த ஊரில் வெடித்தாலும் அந்த எண் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

போன வருடம் ஒருநாள், லாரி வாசலில் நிற்கும்போது சூப்பர்வைசர் வசந்தகுமார் ஒரு பெட்டியைத் தூக்கிவந்தான். வாலாஜாபாத்துக்காரன்.

"அக்கா, இத பக்கத்து மேச கவியா பாத்துட்டா. நீ சீலு மட்டும் குத்து. ஹாரன் அட்ச்சே சாவடிக்கிறான் லாரிக்காரன்."

"நான் பாக்காததுக்கு நான் எப்படிக் குத்த?"

"இன்னாக்கா, கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரியே பேசிக்கினு கீற!"

மாடத்தி சிரிக்கவில்லை. பெட்டி முழுவதையும் பார்த்து, நாலு குழாயைத் தள்ளிவிட்டுத்தான் குத்தினாள். அவள் ஏற்கெனவே ஒருமுறை சாட்சி சொன்னவள். ஒன்பது வயதில்.

அப்போது தெற்கே, அவள் பிறந்த ஊரில், அவர்கள் காலனியிலிருந்து ஒரு பிணம் ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போனது. அது குற்றமாம். மறுநாள் விடியலில் போலீஸ் காலனிக்குள் புகுந்து அடித்தது. ஓடியவர்களை ஆற்றுக்கு விரட்டியது. மகளை நாணலுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிய அம்மா பூமாரியின் தலையில் லத்தி இறங்கியது. விழுந்தவளை ஒருவன் பூட்ஸ் காலால் தண்ணீருக்குள் உருட்டினான். நாணலுக்குள்ளிருந்து மாடத்தி பார்த்தாள். அக்கரையில் துணி துவைக்க வந்தவர்களும் பார்த்தார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி கேட்டார்: "அம்மா வழுக்கித்தானே விழுந்தா?" பின்னால் நின்ற தாய்மாமன் கொம்பையா அவள் தோளை அழுத்தினார். அவருடைய இரண்டு மகன்களும் அப்போது ஸ்டேஷனில் அடைபட்டிருந்தார்கள். அவள் தலையாட்டினாள். அதோடு கோப்பு மூடியது.

அந்தப் பக்கத்தில் அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டுக் கும்பிடுவது வழக்கம். பூமாரிக்கும் போட்டார்கள். கொன்றவனுக்கு ஓய்வூதியம், செத்தவளுக்குப் பொங்கல். என்ன வசதியான பக்தி!

இந்த வருடக் கொடைத் திருவிழாவுக்குப் புதுக்கல் வைக்கிறோம் என்று கொம்பையா போட்டோ அனுப்பினார். மாடத்தி தேநீர் இடைவேளையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். செதுக்கிய முகம். கீழே: 'ஆற்றில் தவறி விழுந்து தெய்வமான அன்னை பூமாரி'. உடனே போன் போட்டாள்.

"மாமா, அம்மைக்கு முன்பல்லு பாதிதான உண்டு?"

"சாமிக்கு எதுக்குளா ஓட்டப்பல்லு?"

"எனக்கு சாமி வேண்டாம். பேன் பாத்துக்கிட்டே மூதின்னு ஏசுவாள்லா, அவ வேணும்."

அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"கல்லுல இருக்கது பொய், மாமா. போலீஸ் அடிச்சுக் கொன்னுதுன்னு வெட்டச் சொல்லுங்க."

"பழசக் கிண்டாத தாயி. நீதான அன்னைக்குத் தலையாட்டுன?"

"ஆமா. நீங்க அமுக்குனீய, நான் ஆட்டுனேன். அதையும் சேத்துதான் எழுதப்போறேன்."

எழுதினாள். சேரப்பணஞ்சேரி வாடகை அறையில் உட்கார்ந்து, மாவட்ட ஆட்சியருக்கு மூன்று பக்கம். தான் சொன்ன பொய்யில் தொடங்கினாள். லத்தி, பூட்ஸ், பாதிப் பல் வரை எல்லாம் எழுதி, அடியில் 'நான் என் கண்ணால் பார்த்தது' என்று கையெழுத்திட்டாள். தலைவாரும்போது பின்கழுத்தில் ஒரு கை வந்து விழாதா என்று இன்றைக்கும் ஏங்குகிறவள் அவள். அந்தக் கை எந்தக் கடிதத்துக்கும் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

கொடை முடிந்து பத்து நாள் கழித்துக் கொம்பையா கூப்பிட்டார். "கல்ல வைக்கல. குப்புறப் போட்டுக் கெடக்கு. என்ன வெட்டணும்னு நீயே வந்து சொல்லு."

ஆட்சியர் அலுவலகத்திலிருந்தும் பதில் வந்தது. ஒன்பது வயதுக் குழந்தையின் நினைவு மட்டும் போதாது. வேறு சாட்சி உண்டா?

உண்டு. அக்கரையில் நின்றீர்களே, நீங்கள்தான். கையில் பாதி துவைத்த துணியோடு எல்லாவற்றையும் பார்த்தீர்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு அந்த ஆறு நினைவுக்கு வந்தால், பார்த்ததை மட்டும், பார்த்தபடியே, ஒரு தாளில் எழுதி உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். கல் இன்னும் குப்புறத்தான் கிடக்கிறது.