வட்டத்துக்குள் நின்றவர்கள்

யுத்தத்தால் இடம்பெயர்ந்து ஜெயபுரத்தில் இருந்த காலத்தில், யாரோ விட்டுப்போன ஆங்கில விளையாட்டுப் புத்தகம் ஒன்று என் கையில் கிடைத்தது. ஆளுக்கொரு வேடம் எடுத்து, மேசையில் இருந்தபடியே கற்பனை நாட்டில் சண்டை பிடிக்கிற விளையாட்டு. எங்களிடம் மேசை இல்லை. கோதுமைமா வந்த சாக்கை விரித்துக் கரியால் கட்டம் போட்டேன். இங்கிலிஸ் வாசிக்கத் தெரிந்த குற்றத்துக்காக நடத்துகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

அண்ணனும் பக்கத்துக் கொட்டிலில் குடியிருந்த வாத்தியாரும் ஆடினார்கள். வாத்தியார் மந்திரவாதி. அண்ணன் வீரன், அவனுக்குக் காய் ஒரு புளியங்கொட்டை. கூடவே ஒரு பெண்ணும் வருவாள் என்று அடம்பிடித்து, அவளுக்கு வெள்ளைப் பொத்தான் ஒன்றை வைத்தான். ஏன் என்று எனக்குத் தெரியும். அண்ணி கிளிநொச்சியில் நிவாரண அரிசிக்காகச் சங்கக்கடை வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்து செத்துப்போனார். அண்ணன் அந்நேரம் சைக்கிளுக்குக் காற்றடிக்க அடுத்த தெருவுக்குப் போயிருந்தான்.

வாளால் வெட்டுவதென்றால் ஒருவரைக் குறிவைத்து, பட்டதா இல்லையா என்று லூடோக் கட்டை இரண்டை உருட்ட வேண்டும். மந்திரவாதியின் நெருப்புக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அவன் ஓர் இடத்தைக் காட்டுவான். அங்கிருந்து சுற்றிவர நாலு கட்டம் ஒரு வட்டம்; அதற்குள் நிற்கிற எல்லோருக்கும் விழும். எதிரி, கூட்டாளி என்று பார்க்காது. உள்ளே நிற்பவர்கள் தங்களுக்காகக் கட்டை உருட்டலாம். எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் பாதிக் காயம், குறைந்தால் முழுக் காயம். பாதியாம்! இதை எழுதியவன் எந்தச் சொகுசான ஊரில் இருந்து எழுதினானோ என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு பின்னேரம் வாத்தியார் அவசரப்பட்டு நெருப்பை எறிந்துவிட்டார். பொத்தான் வட்டத்துக்குள் அகப்பட்டது. அண்ணனின் புளியங்கொட்டை வெளியே நின்றது. அவளுக்காக அண்ணன்தான் உருட்டினான். மூன்று. முழுக் காயத்தை அவள் தாங்கமாட்டாள்.

"அந்தக் கட்டம் வட்டத்துக்கு வெளியில அண்ணை. அவா தப்பிட்டா" என்றேன்.

அண்ணன் விரல் வைத்துக் கட்டங்களை எண்ணினான். "உள்ளுக்கைதான் நிண்டவா. எனக்காக வட்டத்தைச் சுருக்காதை."

"நான் கவனிக்கேல்லைத் தம்பி, திருப்பி எறியிறன்" என்று வாத்தியார் கெஞ்சினார்.

அண்ணன் தன் புளியங்கொட்டையை எடுத்துப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நானும் இதுக்கைதான் நிண்டனான் எண்டு வை."

விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது. ஆனாலும் கட்டைகளை அவன் பக்கம் தள்ளினேன். குறைந்த எண் விழவேண்டும் என்று அவன் மன்றாடுவது முகத்திலேயே தெரிந்தது. அவன் உருட்டினான்.

பதினொன்று. பாதிக் காயம், வீரன் பிழைத்துவிட்டான்.

அண்ணன் கட்டைகளைப் பார்த்தபடியே இருந்தான்.

"இஞ்சையும் நான்தானா மிஞ்சவேணும்?" என்றான்.