வெள்ளைத் துப்பட்டிகள்

தெருவில் இறங்கினால் ஜெய்தூன் பீவி பிள்ளையின் மணிக்கட்டைத்தான் பிடிப்பாள். துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு வர விடமாட்டாள். "ஏண்டி, களவாணிய இழுத்துட்டுப் போற போலீசு மாதிரி போறே?" என்று பக்கத்து வீட்டுக் கமர்ஜஹான் கேலி செய்வாள். காரணம் தெரிந்த கேலிதான். அன்றைக்கு அவளும் கூட இருந்தாள்.

மகள் மெஹராஜுக்கு அப்போது மூன்று வயது. மாதர் சங்கத்து டீச்சர் செபாஸ்தியம்மாள், மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த பழைய பூங்காவைச் சுற்றிக்காட்டத் தெருப் பெண்களைக் கூட்டிப் போனார். எல்லோரும் முகம் மறையும்படி வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார்கள். ஜெய்தூனின் ஒரு கை துப்பட்டியைப் பிடித்திருந்தது. மறு கையில் தூக்குச்சட்டி. துப்பட்டி நுனியை மகளிடம் கொடுத்து, "விட்டுறாதடி" என்றாள்.

டீச்சர் மரத்துக்கு மரம் நின்று கதை சொன்னார். சுவர் இடிந்த ஒரு கிணற்றருகே, "கோட்டைக் குதிரைங்க தண்ணி குடிச்ச கெணறும்பாங்க. ஆழம் ஜாஸ்தி, கிட்டப் போகாதீங்க" என்றார்.

ஜெய்தூன் கிணற்றை விட்டு ஒதுங்கினாள். துப்பட்டி நுனி இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. நிம்மதியாக நடந்தாள்.

அரளிப் புதரைத் தாண்டித்தான் குனிந்து பார்த்தாள். நுனியைப் பிடித்திருந்தது கமர்ஜஹானின் மகள்.

"கமரு, எம் பிள்ள ஒங்கிட்டயா?"

"இல்லையேடி! எம் பின்னால யாருமே வரலையே!"

ஜெய்தூன் கிணற்றுக்கு ஓடினாள். பாசி படர்ந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. பூங்கா ரேடியோ அலறியது. அதைச் சுற்றி அத்தனை ஆண்கள். அந்நிய ஆண்கள் காதில் தன் குரல் விழக்கூடாது என்று வளர்ந்தவள் அவள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

"மெஹராஜே!"

ரேடியோ கேட்டவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். துப்பட்டி தோளில் சரிந்தது. அதை எடுத்துப் போடாமல் கத்திக்கொண்டே ஓடினாள்.

பூங்கா வாசலில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய வேறொரு பெண், எரியோட்டுக்கு பஸ் ஏறக் கிளம்பியவள், திகைத்து நின்றாள்.

"ஒம் பிள்ளையா தாயீ? பின்னால என்னமோ இழுக்குதேன்னு திரும்புனேன். எம் மூஞ்சியப் பாத்து இந்த வீறு வீறுது. நான் என்ன அம்புட்டுக் கோரமாவா இருக்கேன்?"

வீறிட்டு அழுதபடியே மெஹராஜ் அவள் துப்பட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் ஜெய்தூன் மகளைத் தூக்க வேண்டியிருந்தது.

மெஹராஜ் இப்போது நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிற நாளில் மட்டும் ஜெய்தூன் பீவி அவளை அனுப்புவதில்லை.