மாம்பழம் தொங்கிய பக்கம்

எங்கள் அறுவடைக் குழுவுக்கு இணையதளம் செய்வது என்று முடிவான கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டங்களில் என் இடம் எப்போதும் அதுதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சிங்கப்பூரில் எட்டு வருஷம் கட்டட வேலை பார்த்தபோதும் நான் அதிகம் பேசியதில்லை. "ஓகே சார்" என்ற இரண்டு சொல்லிலேயே அந்த எட்டு வருஷமும் ஓடிவிட்டது.

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நர்ஸ். ஊரில் அவரை எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து நேராக வந்து கூட்டத்தை நடத்துவார். ஊசி போடுகிறவரின் வேகம் பேச்சிலும் இருக்கும்.

"வெப்சைட்ட யார் பாத்து சரி சொல்றது?" என்று கேட்டார். அவருடைய கண் கதவோரம் வந்து நின்றது.

"அறுப்பு மிஷின்ல டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்து வயல் காட்டுறது நீதான? எந்த வரப்பு யாருதுன்னு ஒனக்குத்தான் தெரியும். நீயே பாரு."

"எனக்கு அதெல்லாம்..."

"போன் வச்சிருக்கல்ல? போதும்."

இப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் கையால் கதிர் அறுக்க இப்போது ஆள் கிடையாது. பையன்கள் பாதிப்பேர் திருப்பூரில், மீதிப்பேர் வெளிநாட்டில். தை மாதம் வந்தால் வெளியூர் மிஷின்கள் வரும், தரகர்கள் சொல்கிற வயலில் இறங்கும். நிறைய நிலம் உள்ளவர்களுக்கு முதலில், இரண்டு மா மூன்று மா வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில். மா என்பது எங்கள் பக்கத்து நிலக் கணக்கு. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. எங்கள் அப்பா காலத்தில் நாங்கள் வேலிக் கணக்கில் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தோம். எங்களுக்கென்று ஒரு குழி இருந்ததில்லை. என் அக்காவுக்கு இப்போது இரண்டு மா இருக்கிறது. அவளுடைய மகன் குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கியது.

போன வருஷம் அந்த இரண்டு மாவுக்கும் மிஷின் வருவதற்குள் மழை வந்துவிட்டது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துப்போனது. அக்கா வரப்பில் நின்று, முளைத்த நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "அடுத்த போகத்துக்கு நாத்து விட வேண்டாம் போல, இங்கயே வந்துருச்சு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் குழுவாகச் சேர்ந்து சேற்றிலும் இறங்குகிற செயின் வண்டி மிஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கினோம். இணையதளத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு வரிசைப்படி மிஷின் போகும், தரகருக்கு இடமில்லை என்பது திட்டம். தை பிறப்பதற்குள் பக்கம் திறந்தாக வேண்டும். அக்காவின் இரண்டு மா இந்த வருஷமாவது காலத்தில் அறுபடுமா என்பது அந்தப் பக்கத்தைப் பொறுத்தது.

இணையதளம் செய்து தரும் சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். குரலுக்கு முப்பது வயது இருக்கலாம்.

"சார், உங்களுக்கு ஒரு ஃபீட்பேக் ப்ராஜெக்ட் ஓப்பன் பண்ணியிருக்கோம். லிங்க் அனுப்புறேன். பக்கத்துல எங்க தப்பு இருக்கோ அங்க விரலால தொடுங்க, ஒரு சிவப்புப் புள்ளி வரும். அதுல எழுதுங்க. தமிழ்லயே எழுதலாம். எங்க டிசைனர் வடக்க இருக்காரு, அவருக்கு மொழி மாத்தித் தானாப் போயிரும். வேலை முடிஞ்சதும் புள்ளி பச்சையாயிரும்."

"ஓகே மேடம்" என்றேன். என்னைச் சார் என்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே எங்கள் மிஷினின் படம். கீழே பதிவுப் படிவம். பெயர், ஊர், பரப்பு. பரப்புக்கு நேராக ஏக்கர் என்று மட்டும் இருந்தது. அதைத் தொட்டேன். சொன்னபடியே சிவப்புப் புள்ளி வந்தது. பேசுவதைவிட இது எனக்குச் சுலபமாக இருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. ஒரு எழுத்து ஒரு எழுத்தாகத் தேடி எழுதினேன்:

"இங்கே மா இல்லை. மா வேண்டும். மா இல்லாமல் எங்கள் ஊர் ஆட்கள் உள்ளே வர முடியாது."

இன்னொரு புள்ளி வைத்து, "வேலியும் போடவும்" என்று எழுதினேன். முடிவில் மரியாதைக்காக, "நன்றி மா" என்று சேர்த்தேன். அந்தப் பெண்ணை மனதில் நினைத்துத்தான் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்தைத் திறந்தால், மிஷினுக்கு மேலே கொத்தாக மாம்பழம் தொங்கியது. படிவத்தைச் சுற்றி மரப் பட்டையில் அழகாக ஒரு வேலி. அதற்கு ஒரு சின்னக் கதவுகூட வைத்திருந்தார்கள்.

நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் செய்தது, ஏதோ காரணம் இருக்கும் என்று தோன்றியது. கல்யாணப் பத்திரிகையில் வாழைமரம் போடுவதில்லையா, அதுபோல இருக்கும் என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். ஏக்கர் மட்டும் அப்படியே இருந்தது. அதைச் சொன்னால் குறை சொல்வது மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்கினேன். கடைசியில் புள்ளிக்குக் கீழே, "பரவாயில்லை" என்று எழுதினேன்.

எங்கள் வீட்டில் பரவாயில்லை என்றால் மனசுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். குழம்பில் உப்புக் கூடினால் சொல்கிற சொல் அது. சென்னையில் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் இரண்டு புள்ளியும் பச்சையாகிவிட்டன.

மார்கழி நடுவில் நர்ஸம்மா வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினார். காட்டும்போதுதான் அவரும் முதல்முறையாகப் பார்த்தார்.

"என்னப்பா இது! நாம விடுறது அறுப்பு மிஷினா, ஜூஸ் கடையா?"

கூடமே சிரித்தது. யாரோ, "ஒட்டு மாங்காயா பங்கனப்பள்ளியான்னு கேளுங்க" என்றார்கள். நான் கதவுப் பக்கம் இன்னும் நகர்ந்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா முன்னால் போய், "எம் பேரப் போட்டுப் பாருங்க" என்றாள். நர்ஸம்மா போட்டார். பரப்பில் இரண்டு மாவை எப்படிப் போடுவது என்று தெரியாமல், ஏக்கரில் முக்காலுக்கும் குறைவாக ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தார். சிவப்பில் ஒரு வரி வந்தது. 'குறைந்தபட்சம் ஒரு ஏக்கர்.'

அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தாள்.

"அப்ப நாங்க வழக்கம்போலக் கடைசிதான். முன்ன தரகரு வாயால சொன்னான். இப்ப போன் எழுதிக் காட்டுது." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா தம்பி, இதப் பாத்து சரி சொன்னது நீதானாமே?"

எல்லாரும் போன பிறகும் நான் போகவில்லை. நர்ஸம்மாவிடம், "நான் மா வேணும்னு எழுதுனேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் போனை வாங்கிப் பச்சைப் புள்ளியைத் தொட்டார். அதற்குள் நான் எழுதியதற்குக் கீழே இங்கிலீஷில் சில வரிகள் இருந்தன. இங்கிலீஷ் என்பதால் எனக்கில்லை என்று நான் தாண்டிப்போயிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"அவங்க ஆளுங்களுக்குள்ள பேசிக்கிட்டதுய்யா. 'கிளையண்ட் மாம்பழம் இல்லாம ஊர் ஆளுங்க உள்ள வர மாட்டாங்கங்குறாரு. காரணம் புரியல. விவசாயக் குழு, ஏதாவது வழக்கம் இருக்கும். வேலியும் கேக்குறாரு. முடிவுல நன்றி மாம்பழம்னு எழுதியிருக்காரு. பழத்த நல்லாப் பெருசாப் போடுறேன்'னு இருக்கு."

நானும் சிரித்தேன். வடக்கே முகம் தெரியாத அந்த ஆள், புரியாவிட்டாலும் மரியாதையோடு எனக்கு மாம்பழம் வரைந்திருக்கிறார். அவரிடம் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. அங்கேயே சென்னைக்குப் போன் போட்டேன். வாழ்க்கையில் நானாக ஒரு ஆபீசுக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

"மேடம், அந்தப் பக்கம் சரியில்லைங்க."

"பரவாயில்லைன்னு எழுதியிருந்தீங்களே சார்?"

"அது... சரியில்லைன்னு அர்த்தங்க."

பிறகு, மா என்றால் என்ன, வேலி என்றால் என்ன என்று சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்வது கேட்டது. "அய்யோ, நான் மெட்ராஸ்லயே பொறந்து வளந்தவ, எனக்கே தெரியலண்ணே" என்றார். சார் அண்ணனானது அப்போதுதான். டீமுக்குள் பேசியது எனக்குத் தெரியும்படி இருந்ததை நினைத்து அவருக்கு வெட்கம். அது கிளையண்ட் கண்ணில் படாமல் வைக்க வேண்டியதாம், செட்டிங்கில் விட்டுப்போயிற்றாம், உடனே மூடிவிடுவதாகச் சொன்னார்.

"மூடாதீங்கம்மா" என்றேன். "அது தெரிஞ்சதாலதான் எங்க தப்பாப் போச்சுன்னு புரிஞ்சுது. அவரு என்ன நெனைக்கிறாருன்னு எங்களுக்கும் தெரியட்டும். இங்கிலீசுல இருந்தா நர்ஸம்மா படிச்சுச் சொல்லுவாங்க."

அவர் யோசித்துவிட்டு ப்ராஜெக்டைப் புதிதாகத் திறந்தார். இந்த முறை தானாக மொழி மாறாது. நான் எழுதுவதை அவர் படித்து, சந்தேகம் கேட்டு, பிறகு வடக்கே அனுப்புவார். புள்ளியைப் பச்சையாக்கும் பொத்தான் என்னிடமே இருக்கும். பக்கத்தில் ஒரு சொல் பட்டியலும் வைத்தார். அதை நிரப்புவது என் வேலை. மா, குழி, வேலி என்று ஆரம்பித்து, வரப்பு, மதகு, களம் வரை எழுதினேன். அந்த டிசைனர் ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் ஒரு கேள்வி கேட்டார். ஒரு மாவில் மிஷின் திரும்ப முடியுமா என்று கேட்டார். அதற்கு எழுதிப் பதில் சொல்ல முடியாமல், அக்கா வயலின் வரப்பில் நடந்து வீடியோ எடுத்து அனுப்பினேன். படம் ஆடியது, மூச்சு வாங்கியது, இடையில் ஒரு கொக்கு குறுக்கே போனது. பரவாயில்லாமல் வந்திருந்தது.

அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "ரோட்டிலிருந்து இந்த வயலுக்கு மிஷின் எப்படி வரும்?"

இத்தனை வருஷம் மிஷினில் உட்கார்ந்தவன், அதை எழுத எனக்குத் தோன்றவில்லை. அக்கா வயல் உள்ளே இருக்கிறது. முன்னால் உள்ள வயல் அறுபட்டால்தான் அதற்கு வழி. சின்ன வயல்கள் எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான். வரிசை எண் மட்டும் கொடுத்தால் அக்காவுக்கு முதல் எண் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கே படிவத்தில் புதிய புள்ளி வைத்து எழுதினேன்: "உங்கள் வயலுக்கு யார் வயல் வழியாக மிஷின் வர வேண்டும் என்று கேட்கவும். அந்த இரண்டு வயலுக்கும் ஒரே நாள் கொடுக்கவும்."

அதற்கு வடக்கேயிருந்து வந்த பதிலை அந்தப் பெண் தமிழில் போட்டிருந்தார். "இதை முதலிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்."

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பக்கம் திறந்தது. பரப்பில் மா முதலில் இருந்தது, ஏக்கர் அதற்குக் கீழே. குறைந்தபட்சம் என்ற வரியே இல்லை. புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நானே பச்சையாக்கினேன். ஒன்றை மட்டும் சிவப்பாகவே விட்டேன், எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டியிருந்தது. அக்கா தன் பெயரைத் தானே அடித்தாள். வழி வயல் என்ற இடத்தில் முன்வயல்காரர் பெயரைப் போட்டாள். அவருக்கு ஒரு வேலி நிலம். இருவருக்கும் தை பதினொன்று என்று வந்தது.

"தேதி போட்டா வந்துருவாங்களா?" என்று கேட்டாள்.

"நான்தான மிஷின்ல வருவேன்" என்றேன்.

பதினொன்றாம் தேதி காலையில் பனி விலகியதும் முன்வயலில் இறங்கினோம். அது முடிந்து அக்காவின் வரப்பை ஏறிக் கடந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இரண்டு மா எவ்வளவு நேரம் ஆகும், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. கதிர் நிமிர்ந்தே நின்றிருந்ததால் நெல் சுத்தமாக விழுந்தது.

அக்கா களத்தில் குவிந்த நெல்லில் கையை முழங்கை வரை விட்டாள். சூடாக இருக்கிறதா, ஈரமா என்று பார்ப்பது அப்படித்தான். கையை எடுத்து உதறிவிட்டு, மிஷினில் இருந்த என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நம்ம வயல்ல தேதி சொல்லிட்டு மிஷின் எறங்குனது இன்னிக்குத்தான்டா" என்றாள்.