அம்மா எடுத்த படிவம்

அப்பா கட்டட வேலையில் உயரத்திலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து படுத்திருந்த வருடம், எங்கள் அம்மா ஒரு முதலாளியாவது என்று முடிவெடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. முதலாளி என்றால் மேசைக்குப் பின்னால் ஒரு தொந்தி இருக்கவேண்டும் என்று நம்பியிருந்த எனக்கு அது பெரிய அதிசயம்.

எங்கள் வீடு கொக்குவில் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே. போரால் பல வருடங்கள் ஓடாமல் கிடந்த ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை ஸ்டேஷன் மதிலோடு சாத்திவிட்டுப் போவார்கள். பின்னேரம் வந்து பார்த்தால் ஒருவருக்கு மணி இருக்காது, இன்னொருவருக்குக் காற்று இருக்காது, மூன்றாமவருக்குச் சைக்கிளே இருக்காது. எங்கள் வளவிலோ நாலு மாமரமும் நிறைய நிழலும் சும்மா கிடந்தன. பார்த்துப் பார்த்துத்தான் அம்மாவுக்குச் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் என்ற யோசனை வந்தது.

"செய்யிறதெண்டால் பதிஞ்சு செய். நாளைக்கு ஒரு சைக்கிள் துலைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார் அப்பா, படுத்தபடியே.

பக்கத்து வளவில் அம்மாவின் ஒரே அக்கா, எங்கள் பெரியம்மா, இருந்தார். பெரியப்பா காலமாகி, மகன்மாரும் கனடாவுக்குப் போனபின் தனியே இருந்தார். பிரதேச செயலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்குப் படிவம் நிரப்பவேண்டுமானாலும் அவரிடம்தான் போவார்கள், எங்களைத் தவிர. ஒரு கலியாண வீட்டில் பெரியம்மா அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாராம். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று வருடமாக அக்காவும் தங்கையும் கதைப்பதில்லை. நான் மட்டும் மதில் இடிந்திருந்த இடத்தால் போய்வருவேன். அதை இரண்டு பேரும் காணாததுபோல் இருந்துவிடுவார்கள்.

கிராம அலுவலரான விதானையாரின் கடிதத்தையும் வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு, அம்மா என்னோடு வியாபாரத்தைப் பதியப் பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனார். அங்கிருந்த அலுவலர் ஒரு படிவத்தை, நாங்கள் 'போம்' என்று சொல்வதை, நீட்டினார்.

"தனியாள்தானே அம்மா? இதை நிரப்பிக்கொண்டு வாங்கோ."

அம்மா அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர் செருமினார்.

"ரண்டு பேர் சேர்ந்து செய்யிறதெண்டால் வேறை போமோ ஐயா?"

"ஓம், கூட்டு வியாபாரத்துக்கு வேறை. ரண்டு பேரும் நேரிலை வந்து கையெழுத்து வைக்கவேணும்."

"அப்ப அதைத் தாங்கோ."

அன்று பின்னேரம் அம்மா அதை நிரப்பி என் கையில் தந்தார். "பெரியம்மாட்டைக் குடு. தனியாள் பதிய ஏலாதாம், சொந்தக்காரர் ஒராளும் சேரவேணுமாம் எண்டு கந்தோரிலை சொன்னவை எண்டு சொல்லு."

"அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லையே அம்மா?"

"நீ சொன்னதைச் செய்."

மதிலைத் தாண்டும்வரை அதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டு, படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தனியாளுக்கு வேறை போம் இருக்கெல்லே? ஆர் கொம்மாவுக்கு உப்பிடிச் சொன்னது?"

பொய்யில் எனக்குப் பயிற்சி போதாது. "ஒருத்தரும் சொல்லேல்லை பெரியம்மா. கந்தோர் ஐயா முதல் தந்தது தனியாளின்ரை போம்தான். அம்மாதான் இதைக் கேட்டு வாங்கினவ," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பெரியம்மா எழும்பி உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவின் வியாபாரத்தைத் தொடங்கமுதலே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார். கையில் ஒரு பென்சில். அம்மா பிழைவிட்ட மூன்று இடங்களில் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதினார்.

"திங்கக்கிழமை எட்டரை பஸ்சுக்கு நிப்பன் எண்டு கொம்மாட்டைச் சொல்லு. உறுதியைக் கையோடை கொண்டுவரட்டாம். போட்டோக்கொப்பியை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவினம்."

வீட்டுக்கு ஓடிவந்து அதை மட்டும் சொன்னேன். நான் உளறியதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பஸ்சில் பெரியம்மா முன் சீற்றில், அம்மா பின் சீற்றில், நடுவில் நான். கந்தோரில் அலுவலர் பெரியம்மாவைக் கண்டதும் எழுந்தே விட்டார். "வாங்கோ மிஸ், இருங்கோ." படிவத்தைப் புரட்டியவர், "வியாபாரத்தின்ரை பேர் போடேல்லையே?" என்று கேட்டார். அந்த இடத்தை அம்மா வெறுமையாக விட்டிருந்தார். பெரியம்மாவின் பென்சிலும் அதைத் தொட்டிருக்கவில்லை.

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா," என்றார் அம்மா.

"உன்ரை மாமரம். நீ சொல்லு."

"இவளுக்கும் நீங்கள்தானே பேர் வைச்சனீங்கள்," என்று அம்மா என்னைக் காட்டினார்.

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். "நிழல் எண்டு போடுவம்."

சான்றிதழ் வந்ததும், பெரியம்மா ஒவ்வொரு சைக்கிளுக்கும் இலக்கத் துண்டு எழுதியதும், அப்பா மெல்ல எழும்பி வந்து வாசல் படலையடியில் கதிரை போட்டுக் காவல் இருந்ததும் பிறகு நடந்தவை. அந்த நாளில் எனக்கு நன்றாக நினைவிருப்பது, நாங்கள் வீடு திரும்ப நின்ற பஸ் தரிப்பு.

அங்கே கிடந்த நீள வாங்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொருவராக இருந்தார்கள். "அவருக்கு இப்ப இடுப்பு நோ எப்பிடி?" என்று பெரியம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அம்மா சொல்லத் தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்தவில்லை. எங்கள் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. எனக்குப் பசித்தது.

"போமைக் குடுத்தாச்சுத்தானே, இன்னும் என்ன வேலை கிடக்கு?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒன்றாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரம் பதிவது உண்மையிலேயே நெடுநேரம் பிடிக்கும் வேலைதான் என்று நினைத்துக்கொண்டு, மூன்றாவது பஸ்சையும் அவர்கள் விட்டுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.