பழஞ்சோற்றுப் பேச்சுவார்த்தை

என் கணவர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்த மாதத்தில்தான் புளியந்தீவுக் கடையொன்றில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். பேரம் பேசி வெல்வது எப்படி என்று சொல்லித்தருகிற தடித்த புத்தகம். கடைக்காரர் சொன்ன விலையைத் தட்டாமல் கொடுத்துத்தான் வாங்கினேன். என் சாமர்த்தியம் அவ்வளவு.

அவர் போக நினைத்ததற்குக் காரணம் எங்கள் ஊர் வழக்கம். இங்கே பெண்ணுக்குக் கல்யாணமென்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். நாங்கள் இருப்பதும் என் பெற்றோர் எனக்குத் தந்த வீடுதான். எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு இது இருக்கிறது, இளையவளுக்கு? ஒன்பது வயதுதான் ஆகிறது அவளுக்கு. ஆனாலும் இரண்டு வருடம் உழைத்து வந்து வீட்டு வளவின் பின்பக்கம் இன்னொரு வீடு எழுப்பிவிடுவாராம். அவர் இல்லாமல் இரண்டு வருடம் இருக்க என்னால் முடியாது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ரோஷம் விடவில்லை; புத்தகத்தின்படி பேசியே அவரைத் தடுத்துவிடலாமென்று பார்த்தேன்.

பேசுவதற்கு உங்கள் சொந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றது புத்தகம். வீடே என்னுடையது, கவலையில்லை. பசியோடு இருப்பவரிடம் பேசாதீர்கள், மூக்குமுட்டத் தின்றவரிடமும் பேசாதீர்கள் என்றது. கச்சான் காற்று அனலாய் வீசுகிற நாட்களில் இதற்குத் தோதான சாப்பாடு பழஞ்சோறுதான். சனிக்கிழமை பிள்ளைகள் டியூசனுக்குப் போனதும், முதல்நாள் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் எருமைத் தயிரைக் கட்டி கட்டியாகப் போட்டுப் பிசைந்தேன். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், நாக்கைச் சுடும் பச்சைக் கொச்சிக்காய், சுட்ட கருவாடு.

மூன்றாம் அத்தியாயம் மௌனத்தைப் பற்றியது. எதிரே இருப்பவர் தானாக வாய் திறக்கும்வரை பொறுக்க வேண்டுமாம். பொறுத்தேன்.

"கருவாடு நல்லா இரிக்கு புள்ள," என்றார்.

மறுபடி மௌனம்.

"இன்னொரு கொச்சிக்காய் தா."

மௌனத்தில் என்னை விழுங்கி ஏப்பம் விடக்கூடிய மனிதர் அவர். எனக்குப் பொறுமை போய்விட்டது. தயார்செய்து வைத்திருந்த நியாயங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். இளையவளின் கல்யாணத்துக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது, சீட்டுப் போடலாம், வங்கியில் கடன் கேட்கலாம், அத்திவாரத்தை மட்டும் இப்போது போட்டு வைக்கலாம். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

"அப்ப மறுகா என்னத்துக்குப் போறீங்க?"

"போகத்தானே வேணும்."

உங்கள் தேவையை எக்காரணம் கொண்டும் வெளிக்காட்டாதீர்கள் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எழுதியவர் என் கணவரோடு குடும்பம் நடத்தியிருக்க மாட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வீடும் வேணாம், ஒண்டும் வேணாம்! நீங்க போகாதீங்க. என்னோட இஞ்சயே இரிங்க!"

கத்திய வேகத்திலேயே அழுகையும் வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கப் போய்க் கையிலிருந்த கொச்சிக்காய்க் காரம் கண்ணில் பட்டு, அழுகை இரண்டு மடங்காயிற்று.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். தண்ணீர் எடுத்துவந்து என் கண்ணைக் கழுவிவிட்டார்.

"இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருசம் புள்ள," என்றார் மெதுவாக. "வாங்க, சாப்பிடுங்க எண்டு எல்லாரும் சொல்லியிரிக்காங்க. என்னோட இரிங்க எண்டு ஒராள் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் வளவையும் வங்கியையும் பற்றியே யோசித்திருக்கிறேன். என் வீட்டுக்கு வந்து வாழ்கிற இந்த மனிதரைப் பற்றி யோசிக்கவேயில்லை.

அவர் எழுந்துபோய், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவருக்குப் போன் எடுத்து, தான் வரவில்லை என்று சொன்னார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.

சொன்னேன்.