ஜெயஷீலாவின் பன்றிப் பிறப்பேடு

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து வந்ததும் ஒன்பது குட்டிகளுக்குக் காதில் குறி வெட்டினார்கள். ஜோபின் பிடித்துக்கொண்டான், அம்மா ஜெயஷீலா குறட்டால் வெட்டினாள். வலது காது எத்தனையாவது ஈற்று என்று சொல்லும். இடது காது அந்த ஈற்றில் எத்தனையாவது குட்டி என்று சொல்லும். வேலை முடிந்ததும், நாகலாபுரத்தில் பன்றி வளர்க்கும் பேச்சித்தாய்க்குப் போன மாதம் கொடுத்த ஆண் பன்றிக்குப் பிறப்புச் சீட்டு எழுத நோட்டைப் புரட்டினாள். கை நின்றது.

"ஏலே, அது அவ பொட்டைகளுக்கு அண்ணன்லா ஆகுது."

"பாத்துதானம்மா குடுத்தீய?"

"காதைப் பாத்தேன், நோட்டைப் பாக்கல. கடிபட்டுக் கிழிஞ்சதையும் வெட்டுன்னு எண்ணிட்டேன். அவ பொட்டை பருவத்துக்கு வரதுக்குள்ள வேற ஆணைக் குடுத்து மாத்தணும். புதன்கிழமை போறேன்."

செவ்வாய்க்கிழமை மதியம், பன்றிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் ஜெயஷீலா இறந்துபோனாள்.

புதியம்புத்தூரில் சட்டை தைத்துக்கொண்டிருந்தவள் அவள். மணியாச்சியில் ரயில்பாதை வேலை பார்த்த கணவர் சாமுவேல்ராஜ் இறந்தபோது ஜோபினுக்கு ஏழு வயது. அந்த வருஷம் அரசுப் பண்ணையில் இரண்டு வெள்ளை யார்க்‌ஷயர் பொட்டைக் குட்டிகள் வாங்கினாள். ஒவ்வொன்றோடும் தாய் தகப்பன் எண் எழுதிய சீட்டு வந்தது. சீட்டோடு வந்ததன் வாரிசைச் சீட்டில்லாமல் அனுப்பக் கூடாது என்று தானாகவே முடிவு செய்துகொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் சீட்டு பிந்தியது இந்த ஒரு முறைதான்.

"ஒங்க பன்னிக்கு ஞானஸ்நானச் சீட்டு உண்டுமாமே?" என்பார் தவிட்டுக்கடை காளிராஜ்.

"உண்டு அண்ணாச்சி. ஒங்க பூட்டன் பேரு ஒங்களுக்குத் தெரியுமா? இதுக்குத் தெரியும்."

ஜோபின் தூத்துக்குடியில் எடைமேடைகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். அடக்கத்துக்கு மறுநாள் நோட்டுகளை எடுத்து வைத்தான். மொத்தம் பதினொன்று. 2009இல் ஒரு சிவப்பு வரி: "ஆசனவாய் இல்லாமல் நான்கு குட்டிகள். தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே தகப்பன். பிழை என்னுடையது." கீழே தேதி.

அவன் படித்து வேலைக்குப் போனது இந்தப் பன்றிகளால்தான். அந்த நன்றி எப்போதும் உண்டு. பிழையை மறைக்காமல் தேதி போட்டு எழுதும் பழக்கம் தனக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

தொழுவத்தில் மூன்று ஆண் பன்றிகள் நின்றன. பேச்சித்தாயின் பொட்டைகளுக்கு நான்கு தலைமுறை வரை உறவில்லாதது எது? இருபது நிமிடத்தில் விடை கிடைத்தது. அம்மாவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் எழுதியிருந்தாள்.

பேச்சித்தாய்க்குப் போன் செய்தான்.

"நானே பேசலாமா வேண்டாமான்னு இருந்தேன் ஜோபினு. பொட்டை காலைலயே பருவத்துக்கு வந்துட்டு."

"சேத்துட்டியளா சித்தி?"

"சீட்டு வராம எப்படிச் சேக்க? அக்காகிட்ட வாங்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்கிட்ட ஒரு குட்டி ஊனமாப் பொறந்ததில்ல. எல்லாம் அவிய எழுதிக் குடுத்ததுதான்."

"ஆணை மாத்தணும் சித்தி. எண்ணுனதுல அம்மாவுக்குத் தப்பு வந்துட்டு. அவியளே கண்டுபிடிச்சாவ."



"தன் தப்பை வேற யாரும் இப்படிச் சொல்ல மாட்டாவ," என்றாள் பேச்சித்தாய். "நாளைக்கு மத்தியானம் தாண்டுனா பருவம் போயிரும் பாத்துக்கோ."

நோட்டில் சிவப்புப் பேனாவால் அம்மாவின் பிழையை எழுதித் தேதி போட்டான். புதிய சீட்டை நிரப்பிச் சட்டைப் பையில் வைத்தான். லோடு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போனான். ஒன்றைக் கொண்டுபோய் விட வேண்டும். இன்னொன்றைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.